புரோட்டீன் பத்தியம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, "என்ன சாப்பிடக்கூடாதாம்?" என்பதுதான். என்ன நோய் என்று அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். அம்மை, மூட்டுவலி, பிரசவம், சீனி வியாதி, கண் ஆப்பரேஷன், எதற்கும் ஒரு பத்தியம் உண்டு. பத்தியம் சொல்லாத டாக்டர் எங்களுக்குப் பாதி டாக்டர். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களும் இதையே பந்தாங் என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்க அக்கம்பக்கத்திலும் ஆள் கிடையாது.

இந்தப் பத்தியம் என் நாத்தனாரைக் கொல்லப் பார்த்தது. அவளுக்குப் புற்றுநோய் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த வருடம் அவளைப் பாதியாக்கியது புற்றுநோய் இல்லை. நாங்கள்தான்.

அவள் எனக்கு நாத்தனார் ஆனது பிற்பாடு. முதலில் ஜொகூரில், செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் என் பக்கத்து நாற்காலிக்காரி. நீல மேலங்கி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கண்ணை வைத்தே சூப்பர்வைசரைக் கேலி செய்வாள். நான் சிரித்துவிடுவேன். திட்டு எனக்கு விழும். விடியற்காலை ஃபேக்டரி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைப்பாள். யாராவது உட்கார வந்தால், "இங்க உக்காராதீங்கக்கா, வாந்தி எடுத்திருக்கு" என்பாள். கேண்டீனில் அவளுடைய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றின் மேல் பொரித்த முட்டை இரண்டு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால் சாப்பாட்டுக்காரம்மாவிடம் போய் நிற்பாள். "ஏன்க்கா, அந்தக் கோழி லீவுல போயிருச்சா?"

ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். "எங்கண்ணன் ஒருத்தன் இருக்கான். அவனுக்குப் பேசத் தெரியாது. உனக்குத்தான் பேசுறதுக்கு வேற ஆளே தேவையில்லையே. சரியா வரும்."

பெண் கேட்டு வந்தது அவ்வளவுதான். கல்யாணத்துக்கு மறுநாள் என் பெயரை விட்டுவிட்டு அண்ணி என்று கூப்பிட்டாள், கிண்டலுக்கு. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்து தங்கினாள். ஒரு அடுப்படி, இரண்டு பேர். குழம்புக்குப் புளியை எப்போது ஊற்றுவது என்பதிலிருந்து மீன் செதில் சிங்க்கில் கிடப்பது வரை எல்லாவற்றுக்கும் சண்டை. அந்தச் சண்டையில் எத்தனை வருடம் போனது என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்திருக்கிறோம், அப்போது அது தெரியவில்லை.

மார்பில் கட்டி வந்தது, எடுத்தார்கள். பிறகு பல வருடம் ஒன்றுமில்லை. மகளுக்குக் கல்யாணம் செய்தாள். அதன் பின்னால் முதுகுவலி வந்தது. கேஸ் சிலிண்டரைத் தூக்கியதால் என்று நினைத்துத் தைலம் தேய்த்தோம். கடைசியில் ஜொகூர் பாருவில் ஸ்கேன் எடுத்தபோது எலும்பில் மூன்று நான்கு இடத்தில் புள்ளி தெரிந்தது. பழைய நோய்தான், இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்றார்கள்.

புதிய மாத்திரை ஒன்று தருகிறோம், மூன்று வாரம் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் நிறுத்த வேண்டும் என்றார்கள். அதைப் பற்றி டாக்டர் விளக்கிய அன்று எனக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. என் கணவர் கூடப் போனார். அங்கேதான் வினை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் சொன்னார். "புரோட்டீன்தான் காரணமாம். உள்ள ஒரு புரோட்டீன் ரொம்பக் கூடிப்போச்சாம். அதுதான் அந்தக் கேன்சர் செல்லை வளரு, வளருன்னு தள்ளுதாம். இந்த மாத்திரை அந்தப் புரோட்டீனை அடக்குமாம்."

நியாயமாகச் சொல்ல வேண்டும். மனுஷன் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆனால் எங்கள் வீட்டில் புரோட்டீன் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் படம்: முட்டை, மீன், கோழி, பருப்பு, பால். வாயால் தின்னாத புரோட்டீன் ஒன்று இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அவள் தட்டில் மீன் இருந்தது. கையை நிறுத்தினாள். "அப்ப இது?"

அவர் மீனைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். "கூடிப்போச்சுன்னா கொறைக்கணும்லம்மா" என்றார்.

அவள் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். முடிந்தது.

"டாக்டர் சாப்பிடாதேன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லணுமா? சீனி வியாதிக்காரன்கிட்ட ஜிலேபி திங்காதன்னு தனியா சொல்லணுமா?" என்றார் அவர். "புரோட்டீனை அடக்கத்தான் மாத்திரை குடுக்குறாங்க. ஒரு பக்கம் மாத்திரைய முழுங்கிட்டு இன்னொரு பக்கம் முட்டைய முழுங்குனா மாத்திரை எப்படி வேலை செய்யும்?"

எனக்குத் தப்பு என்று மனசுக்குப் பட்டது. மனசுக்குப் பட்டதை வைத்து யாரிடம் வாதாடுவது? பேசத் தெரியாத மனுஷன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒழுங்காக வாதாடினார், அதுவும் இந்த விஷயத்தில்.

பிறகு சொந்தக்காரர்கள் வந்தார்கள், நேரிலும் போனிலும். ஆளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். பால் வேண்டாம். பருப்பு வேண்டாம். தெம்பே, தாவு இரண்டும் சோயா, அது கூடவே கூடாது. கச்சான் கடலை வேண்டாம். காளான்கூட வேண்டாம் என்றாள் ஒருத்தி, எங்கே படித்தாள் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒருத்திக்கும் நேரமில்லை, பத்தியம் சொல்ல எல்லோருக்கும் நேரம் இருந்தது. மிஞ்சியது சோறு, ரசம், கீரை, பூசணிக்காய். அதை வைத்து என் நாத்தனார் உயிரோடு இருக்க வேண்டும்.

அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் எனக்கு ஆச்சரியம். வாழ்க்கையில் யார் சொன்னதையும் கேட்காதவள், இதில் ராணுவம் மாதிரி நின்றாள். கடைக்குப் போனால் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, புரோட்டீன் என்று போட்டிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்ப்பாள். பிஸ்கட்டில்கூட இருந்தது. பிஸ்கட்டும் போயிற்று.

முதலில் முகம் வற்றியது. பிறகு கை. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். வந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து என்னிடம், "நோய் முத்திருச்சு போல" என்று மெதுவாகச் சொன்னார்கள். காளான் வேண்டாம் என்றவளும் அதையே சொன்னாள். அவளை நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது.

நான் ஒரு வேலை செய்தேன். நாங்கள் பிலிஸ் என்கிற நெத்திலியை வறுத்து மாவாக இடித்துக் கீரையில் போட்டேன். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீரை ஊற்றினேன். ரசம் தப்பித்தது. கீரை மாட்டிக்கொண்டது. ஒரு வாய் வைத்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"அண்ணி, இதுல பிலிஸ் இருக்கா?"

"இருக்கு."

"தெரிஞ்சேவா போட்டீங்க?"

"தெரியாம விழ அதுக்கென்ன ரெக்கையா இருக்கு?"

வாயில் இருந்ததைத் துப்பினாள். "என்னைய அனுப்பிட்டா அடுப்படி உங்களுக்கே ஆயிரும்ல?"

இருபது வருடத்துக்கும் மேலான பழக்கத்தில் அவள் சொன்னதிலேயே மோசமான வார்த்தை அது. நானும் சும்மா இருக்கவில்லை. "நீ இப்படியே கெடந்தா அடுப்படி எனக்குத்தான்டி வரும். நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல" என்றேன். அவள் தட்டை வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். பல நாள் பேசவில்லை. ரசத்தை மட்டும் குடித்தாள், பருப்புத் தண்ணீர் என்று தெரியாமல். அதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நான்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னேன். என் கணவர் காடியை ஓட்டினார். ஸ்கூடாய் பக்கம் நெரிசலில் நின்றபோது அவர் ரேடியோவைப் போட்டார், அவள் அணைத்தாள்.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரி, முகத்தில் தூக்கமே இல்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்தாள். எடை எழுதியதைப் பார்த்தாள். திரும்ப எடை பார்க்கச் சொன்னாள். எலும்பில் இருக்கும் புள்ளிகள் வளரவில்லை, மாத்திரை வேலை செய்கிறது, ஆனால் உடம்பு இப்படி இறங்கினால் மாத்திரையைத் தொடர முடியாது என்றாள். இந்தச் சுற்றை நிறுத்தி வைக்கிறேன், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் முழுதாக நிறுத்த வேண்டியிருக்கும் என்றாள்.

அந்த மாத்திரையைத்தான் என் நாத்தனார் சாமி மாதிரி வைத்திருந்தாள். அதைக் காப்பாற்றத்தான் இத்தனை பட்டினியும்.

"பசி இல்லையா?" என்று டாக்டர் மலாயில் கேட்டாள்.

"பசி நல்லா இருக்கு" என்றாள் இவள், அதே மலாயில்.

"பிறகு ஏன்?"

பத்தியத்தை டாக்டரிடம் சொல்வது எங்களில் வழக்கமில்லை. அது வீட்டு விஷயம். நான்தான் வாயைத் திறந்தேன். "நீங்கதான் புரோட்டீன் கூடிப்போச்சுன்னு சொன்னீங்களாம். அதனால முட்டை இல்ல, மீன் இல்ல, கோழி இல்ல, பருப்பு இல்ல. மாசக்கணக்கா இவ பூசணிக்கா தின்னுக்கிட்டு இருக்கா. நீங்க சொன்னது அந்தப் புரோட்டீனா இல்லையா? இன்னைக்கு அதைச் சொல்லாம நாங்க எழுந்திரிக்க மாட்டோம்." என் மலாய் ஃபேக்டரி மலாய், அதில் மரியாதை குறைவு. அந்தப் பெண்ணுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அலாமாக் என்று சொல்லி நெற்றியில் கை வைத்தாள்.

வெளியே கூட்டம் காத்திருந்தது. ஆனாலும் நாற்காலியை இவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். சிங்கப்பூருக்குப் போகிற காஸ்வே பாலம் தெரியும்தானே என்று ஆரம்பித்தாள். ஜொகூரில் யாரைப் பார்த்துக் கேட்கிறாள்! ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் இமிகிரேஷன் மாதிரி ஒரு இடத்தைத் தாண்ட வேண்டுமாம். அங்கே ஒரு புரதம் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடாது. இன்னொரு புரதம் இருக்கிறது, சைக்ளின் என்று பெயர். அது வந்து, "போதும், திற" என்று தள்ளும். தள்ளுவதற்கும் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறாது, முடி முளைக்காது. வேலை முடிந்தால் அது தானாகக் காணாமல் போய்விட வேண்டும். இவளுடைய கெட்ட செல்லில் அது போகவில்லை, கூடிக்கொண்டே இருக்கிறது. அதனால் தடுப்பு எப்போதும் திறந்தே கிடக்கிறது, பாஸ்போர்ட் இல்லாததெல்லாம் உள்ளே போகிறது. அந்தத் தள்ளுகிற கையைத்தான் மாத்திரை கட்டிப்போடுகிறது.

"அந்தப் புரதத்தைச் செல் தனக்குள்ளே தானே செய்துகொள்கிறது. முட்டையிலிருந்து வரவில்லை" என்றாள். "நீங்கள் தின்னும் முட்டை வயிற்றிலேயே துண்டு துண்டாகிவிடும்."

என் நாத்தனார் லேசில் விடுகிற ஆள் இல்லை. "அந்தத் துண்ட வச்சு அது செஞ்சுக்காதா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். "செஞ்சுக்கும்" என்றாள். "நீங்கள் சாப்பிடாவிட்டாலும் உங்கள் சதையை உடைத்து எடுத்துச் செஞ்சுக்கும். பட்டினி போட்டால் முதலில் சாவது அது இல்லை, நீங்கள்."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இவள் சிரிப்பாள், அண்ணனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இவள் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"அண்ணி, அப்ப என் கையில ஒண்ணுமே இல்லையா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று. ஸ்கேன் அவர்கள் எடுக்கிறார்கள். மாத்திரை அவர்கள் கொடுக்கிறார்கள். உள்ளே எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எவனோ எதையோ தள்ளுகிறான். அவள் செய்ய முடிந்தது மீன் துண்டை ஒதுக்கி வைப்பது ஒன்றுதான். ஒவ்வொரு வேளையும் அவள் அந்தப் புரோட்டீனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அங்கே சண்டையே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டோம்.

டாக்டர் என்னைப் பார்த்தாள், என்ன கேட்டாள் என்பது போல. நான் மொழிபெயர்க்கவில்லை.

"கையில சோறு இருக்கு. அள்ளித் தின்னு. மாத்திரை நிக்காது. அது உன் கையிலதான் இருக்கு" என்றேன். பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை. எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டரிடம், "கோழி தோலோட சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

கீழே கேண்டீனில் உட்கார வைத்தேன். சோறு, கோழி, சம்பல் முட்டை, பொரித்த தெம்பே, எது இருந்ததோ எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். காடியை நிறுத்திவிட்டு என் கணவர் வந்தார். தட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு சாப்பிடச் சொன்னா?"

"டாக்டரு" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு. "உக்காருண்ணே. பள்ளிக்கூடத்துல சயன்ஸ்ல முட்டை வாங்குன ஆளு நீ. என் முட்டைய நிறுத்திட்ட பாரு."

அவர் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "நான் நல்லதுக்குத்தான்ம்மா சொன்னேன்" என்றார்.

"தெரியும்லா. உனக்குக் கெட்டதுக்குச் சொல்லத் தெரிஞ்சாத்தானே" என்று சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்து ஒரு தெம்பே துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அழுதார். பொது இடம், எனக்குக் கோபம் வந்தது. டிஷ்யூ வாங்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன். இதை வெளியே சொன்னால் அடிப்பார்கள். வீட்டில் நோய் இருந்த காலத்தை நினைத்து யாராவது ஏங்குவார்களா? நான் ஏங்குகிறேன். தினமும் காலையில் இறங்கி வந்து, "என்ன பசியாற?" என்று கேட்பாள். ஒரு வேளைக்கு என்ன சமைப்பது என்று நாங்கள் மூன்று பேரும் பாராளுமன்றம் மாதிரி கூடிப் பேசுவோம். அவளுக்கு அசாம் பெடாஸ் மீன்குழம்பு வேண்டும், அவள் அண்ணனுக்கு நண்டு வேண்டும், எனக்கு இரண்டு பேரும் அடுப்படியை விட்டு வெளியே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன்காரச் சீனனிடம் அவள் பேரம் பேசுவதை நான் தள்ளி நின்று பார்ப்பேன். கன்னத்தில் சதை திரும்பி வந்திருந்தது. வளையல் இருந்த இடத்தில் நின்றது. காளான்காரி வந்து, "நேர்த்திக்கடன் ஏதாச்சும் வச்சீங்களா?" என்றாள். "ஆமா, உங்க பேச்சக் கேக்குறதில்லன்னு" என்றேன்.

மாத்திரையை நிறுத்தவில்லை. வெள்ளை அணு குறைந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள், பிறகு தொடர்வார்கள். அப்படியே போகிறது.

பிறகு மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் இருப்பது கெலாங் பாத்தாவில். அங்கிருந்து இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூர் வேலைக்குப் போய் வருகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும் என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? துணிப் பையை நான்தான் காடியில் ஏற்றினேன். செனாயிலிருந்து கெலாங் பாத்தா ஒன்றும் தூரமில்லை, ஹைவேயில் ஏறினால் போய்விடலாம். ஆனால் அடுப்படியில் ஒரு ஆள் இல்லை என்றால் இல்லைதான். இப்போது சிங்க் சுத்தமாக இருக்கிறது. யாரும் எதையும் குறை சொல்வதில்லை. என் கணவர் எதைப் போட்டாலும் சாப்பிடுகிறார்.

போன வருடம் அந்தச் சின்ன டாக்டர் ஒன்று சொன்னாளாம். சில பேருக்கு இந்த மாத்திரை ஒருநாள் பலிக்காமல் போகும், தடுப்பைப் பிடித்திருக்கும் புரதமே உடைந்துபோனால் தள்ளுகிற கையைக் கட்டி என்ன பயன், அப்போது வேறு மருந்து பார்ப்போம் என்று. இதை என் நாத்தனார் போனில் எனக்குச் சொன்னாள். நான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சனியனை எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஹொக்கியன் பாஷைய விட்டுட்டீங்க" என்றாள்.

ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் கூப்பிடுவாள். நான் கூப்பிட மாட்டேன். கூப்பிடப் பயம். போன வாரம் கூப்பிட்டாள்.

"அடங்கித்தான் இருக்காம் அண்ணி. அதே மாத்திரைதான்."

"சரி."

"சரியா? அவ்வளவுதானா? ஒரு சந்தோஷம் வேணாமா மனுஷிக்கு?"

"அடுப்புல குழம்பு இருக்கு. வை போனை."

"எந்நேரமும் அடுப்பைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்று கடையிலிருந்து சாப்பாடு தாப்பாவ் கட்டி வாங்கி வந்திருந்தோம், சாப்பிட்டும் முடித்திருந்தோம். நான் அடுப்படியில் போய் நின்று, மூக்கைச் சிந்தி, முகத்தைக் கழுவிக்கொண்டேன்.